பங்கர் பக்கத்து ஊற்று

எங்கள் தங்கச் சுத்திகரிப்பு நிலையத்தின் அனுமதிப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப கடைசியில எடுத்திட்டியள்" என்று என் மனிசனுக்குக் கை கொடுக்கிறார்கள். இவர் சிரிப்பார். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் உள்ளே போய்விடுவேன். அந்தக் கடதாசிக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவள் நான். படிவங்களை நிரப்பியவள் நான். அந்தக் கடதாசிக்கும் பக்கத்து வளவில் பிறந்த ஒரு கைக்குழந்தையின் உயிருக்கும் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளும் நான்தான்.

எனக்கு வாய் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரரோடு சண்டை, பஸ் கொண்டக்டரோடு சண்டை, வங்கியில் வரிசையில் இடைநடுவில் புகுந்தவரோடு சண்டை. ஒரு கிழமை மட்டும் அந்த வாய் எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்வதும் பொய். நன்றாக விளங்கும்.

எங்கள் வீடு மாங்குளத்தில் இருந்து உள்ளே போகிற கிரவல் றோட்டில் இருக்கிறது. இவர் கொழும்பில் ஒரு நகைப் பட்டறையில் தங்கம் சுத்திகரிக்கப் பழகியவர். யுத்தம் முடிந்து மீளக் குடியேறியபின் வளவின் பின்பக்கம் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதே வேலையைத் தொடங்கினார். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள நகைக்கடைகள் பழைய நகைகளைக் கொடுத்துவிடும். அறுந்த சங்கிலி, சோடி தொலைந்த தோடு, நசுங்கிய காப்பு. சிலவற்றில் மண் அப்பியிருக்கும். ஓடும்போது புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்த நகைகள் அவை. தேய்த்துக் கழுவினால் புதைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே மினுங்கும். மண் தங்கத்தை ஒன்றும் செய்யாது.

நகையை வெள்ளியோடு சேர்த்து உருக்கி, தண்ணீருக்குள் ஊற்றிக் குறுணி ஆக்கி, நைத்திரிக் அமிலத்தில் காய்ச்ச வேண்டும். செம்மஞ்சள் புகை எழும்பும். அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் இரண்டு நாள் இருமல் நிற்காது. வெள்ளியும் செம்பும் அமிலத்தில் கரைந்து, பாத்திரம் முழுக்கப் பச்சைத் தண்ணீராக நிற்கும். அடியில் தங்கம் கிடக்கும். அதைக் கண்டால் தங்கம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஈரமான கோப்பித்தூள் என்றுதான் சொல்வார்கள். அதை உருக்கினால்தான் மஞ்சள் நிறம் வரும். கரைந்த வெள்ளியைச் செம்புக் கம்பி போட்டு மீட்டெடுத்துவிடுவார். மிஞ்சுகிற பச்சைத் தண்ணீர்தான் பிரச்சினை.

இப்படிப் பல வருடம் ஒரு கடதாசியும் இல்லாமல் ஓடியது. பிறகு அமிலம் வாங்குவது கடினமாகிவிட்டது. கையில் அனுமதி இல்லாமல் கடைக்காரர் போத்தலைத் தொடவே விடமாட்டார். எப்படியோ வாங்கிய ஒரு போத்தலோடு மோட்டார் சைக்கிளில் வந்த இவரை ஒருநாள் வீதிச் சோதனையில் மறித்து, காலையில் இருந்து பின்னேரம் வரை வெயிலில் இருத்திவிட்டார்கள். குண்டு செய்யவா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் வந்து சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்கள் என்ன கள்ளவேலையே செய்யிறம்? முறையா அனுமதி எடுத்துச் செய்வம். கந்தோருக்கு நான் போறன்" என்றேன்.

"நீர் போனால் சண்டைதான் வரும்" என்றார்.

"வரட்டும்."

சண்டை வரவில்லை. பட்டியல்தான் வந்தது. பிரதேச சபையின் வியாபார அனுமதி, சுற்றாடல் அனுமதி, அமிலம் வைத்திருக்க அனுமதி, புகைபோக்கி, தீயணைப்புக் கருவி, நகை யாரிடமிருந்து வந்தது என்று அடையாள அட்டை இலக்கத்தோடு பதிகிற புத்தகம், எல்லைக் காணிக்காரரின் ஆட்சேபனை இல்லையென்ற கடிதம். எங்களுடையது அரசாங்கம் தந்த பெர்மிற் காணி. அதற்கே தனியாக நாலு கையெழுத்து. ஒவ்வொன்றையும் முடித்துப் பட்டியலில் சரி போடும்போது எனக்குப் பரீட்சை எழுதுகிற சந்தோஷம் இருந்தது. நான் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். போத்தல்களுக்குப் பெயர் ஒட்டுவது, கரைசல் கலப்பது, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொண்டால் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவது என்று பதினொரு வருடம். அமிலத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில்தான் பச்சைத் தண்ணீருக்கும் வழி சொன்னவள் நான். கொட்டில் போட்ட தொடக்கத்தில் இவர் அதை மழைத்தண்ணி ஓடுகிற கான்கரையில் ஊற்றப் போனார். "கோதாரி, உதை அப்பிடியே ஊத்திறதே?" என்று பேசி, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். நுரைத்துப் பொங்கி அடங்கியபின் லிற்மஸ் தாளைத் தோய்த்துக் காட்டினேன். நீலத் தாள் நீலமாகவே நின்றது. "அமிலம் செத்துப்போச்சு. இனி இது வெறும் தண்ணி. பங்கருக்குள்ள ஊத்துங்கோ" என்றேன். இவர் என்னை அன்றைக்கு ஒரு மரியாதையோடு பார்த்தார். எனக்கும் சந்தோஷப் புளுகம்தான்.

பங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் ஷெல்லடிக்குப் பதுங்க வெட்டிய குழி அது, இந்தப் பக்கத்தில் அது இல்லாத வளவு அருமை. எங்களுடையதை நாங்களே வெட்டினோம், கிணற்றில் இருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. எத்தனை மணித்தியாலம் உள்ளே கிடக்க வேண்டி வரும் என்று தெரியாது, அதனால் தண்ணீர் கிட்ட இருக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய யோசனை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வெட்டினார்கள். திரும்பி வந்தபோது மேலே போட்ட மரக்குற்றிகள் உக்கிப்போய், ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மூடுவதற்கு மண் இல்லை, மூட மனமும் வரவில்லை. குப்பை போட்டோம். பிறகு பச்சைத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்ற ஊற்ற அது நிறையவே இல்லை. நல்ல குழி என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஊற்றுகிறதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பக்கத்து வளவு அக்காவின் கிணறு உப்புச் சவர். பருப்புக்கூட அவியாது. மீளக் குடியேறிய முதல் நாளில் இருந்து அவா எங்கள் கிணற்றில்தான் அள்ளுகிறா. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஆள் புகுந்து வருகிற பொட்டு ஒன்று இருந்தது. அவாவின் குடம் பட்டுப் பட்டு அதன் கதியால் தடி ஒரு பக்கம் வழுவழுப்பாகிவிட்டது. கடிதத்தில் கையெழுத்துக் கேட்டு நான் அந்தப் பொட்டால் புகுந்தபோது அவா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"எங்க வைக்கோணும், காட்டு" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தா.

"வாசிச்சுப் பாருங்கோ அக்கா."

"நீ எழுதினதை நான் என்னத்துக்கு வாசிக்கிறது? உன்ர மனுசன் ஊரார் பவுணையெல்லாம் காய்ச்சிறார், உன்ர கழுத்தில ஒரு நூல் கிடக்கே? முதல்ல அதுக்கு ஒரு கடிதம் எழுது, அதிலையும் கையெழுத்து வைக்கிறன்" என்று சிரித்தா. கடதாசியின் மூலையில் மீன் மணத்தோடு ஈரம் பட்டுவிட்டது. நான் அதை வெயிலில் காயவைத்து விண்ணப்பக் கோவையில் போட்டேன்.

அந்த வருட மாரி மழைக்கு முதல்தான் சுகாதாரப் பகுதியில் இருந்து வந்தவர்கள் நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று எல்லாக் கிணறுகளுக்குள்ளும் மீன்குஞ்சு விட்டார்கள். அக்காவின் சவர்க் கிணற்றில் அவை பெருகிக் கறுப்பாக மிதந்தன. எங்கள் கிணற்றில் மூன்றாம் நாளே வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இவர் வாளியால் அள்ளி வாழையடியில் போட்டார். "புதுத் தண்ணி பிடிக்கேல்லைப் போல" என்றார். நான் அன்று பின்னேரம் கிணற்றுக்குள் நெடுநேரம் எட்டிப் பார்த்தேன். ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை.

மழை விட்டதும் சுற்றாடல் அதிகாரி பார்வையிட வந்தார். இளம் பொடியன், மரியாதையானவர். கொட்டிலைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், பதிவுப் புத்தகத்தைப் புரட்டி என் கையெழுத்தைப் புகழ்ந்தார். பிறகு பங்கரடிக்குப் போய் நின்றார். மழைக்கு அரைவாசி நிரம்பிக் கிடந்த தண்ணீரில் பச்சை ஏடு படிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். பைக்குள் இருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு நுனியை என் கையில் தந்தார்.

"அம்மா, இதைப் பிடிச்சுக்கொண்டு கிணத்துக்கட்டில நில்லுங்கோ."

நாடா இழுபட்டது. அவர் எண்ணை எழுதினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இதில இனி ஒரு சொட்டும் ஊத்தாதேங்கோ. கொங்கிறீற் தாங்கி ஒண்டு கட்டுங்கோ, அதில சேர்த்து அனுமதி இருக்கிற ஆக்களிட்டைக் குடுக்கோணும். கிணத்துத் தண்ணியை ஆய்வுகூடத்தில குடுத்து றிப்போட் எடுத்துக்கொண்டு வாங்கோ. அது வந்தால்தான் மிச்சம்."

"சுண்ணாம்பு போட்டுத்தான் தம்பி ஊத்தினாங்கள்" என்றேன்.

"சுண்ணாம்பு அமிலத்தைத்தான் எடுக்கும் அம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பள்ளிக்கூடத்து இரசாயன ரீச்சர் கரும்பலகையில் எழுதுகிற சமன்பாட்டைப் பதினொரு வருடமும் வகுப்பின் கடைசி வாங்கடியில் நின்று பார்த்திருக்கிறேன். அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் வரும். இன்னொன்றும் வரும். அந்த இன்னொன்றை நான் ஒருநாளும் கணக்கில் எடுக்கவில்லை. நைத்திரேற்று. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் பெரிதாக இல்லை. தண்ணீர் போகிற இடமெல்லாம் தண்ணீரோடு போகும்.

தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில்தான் அக்காவின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. நல்ல நிறை. நான் பொட்டால் புகுந்து போய்ப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் சின்னிவிரலைப் பிடித்த பிடியை விடாமல் கிடந்தது. அக்கா பரபரப்பில் வீட்டுக்கும் கிணற்றுக்குமாக ஓடிக்கொண்டிருந்தா. மகளுக்கு முழுக வார்க்கத் தண்ணீர், துணி அலசத் தண்ணீர், பேற்றுச் சரக்குக் காயம் அவிக்கத் தண்ணீர். குடம் குடமாக.

றிப்போட் தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்தது. உறையைக் கிணற்றுக்கட்டிலேயே இருந்து உடைத்தேன். செம்பும் இருந்தது. நைத்திரேற்று இருக்க வேண்டிய எல்லையை விட எத்தனையோ மடங்கு. கீழே ஒரு வரி அச்சடித்திருந்தது: குடிப்பதற்கு உகந்ததல்ல, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ரீச்சர் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. பெரியவர்களை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, பால்குடிப் பிள்ளையின் இரத்தத்தில் போய் இருந்துகொண்டு காற்றைச் சுமக்க விடாது, பிள்ளை மூச்சு எடுத்துக்கொண்டே மூச்சில்லாமல் போகும்.

இவரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"ஊர் முழுக்க வயலுக்கு உரம் கொட்டுறாங்கள். எந்தக் கிணத்தைச் சோதிச்சாலும் இதுதான் வரும்."

"உரத்தில செம்பு எங்காலை வந்தது?"

"நீர் சும்மா இரும். தாங்கி கட்டியாச்சு, புகைபோக்கி போட்டாச்சு. இனி இந்த ஒரு கடதாசியில விழுத்தச் சொல்லுறீரோ?"

"அக்கா அள்ளுற கிணறப்பா அது."

"அந்தப் பிள்ளை தாய்ப்பால்தானே குடிக்குது? பிறகென்ன? வவுனியாவில என்ர தமக்கை வீட்டுக் குழாய்க் கிணத்தில ஒரு போத்தல் பிடிச்சு, திரும்ப ஒருக்கா சோதினைக்குக் குடுப்பம். லைசன்ஸ் கைக்கு வந்த அடுத்த நாளே அக்காட்டைச் சொல்லுவம். ஒரு மாதம்."

நான் ஏன் அப்போதே கத்தவில்லை? கத்தியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கடதாசி வேண்டும்போல் இருந்தது. வெயிலில் இருத்திவைத்த என் மனிசனுக்கு அது வேண்டும் என்று இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், பங்கருக்குள் ஊற்றச் சொன்னவள் நான் என்று அக்கா அறிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தாய்ப்பால் என்ற சொல்லை நானும் பிடித்துக்கொண்டேன்.

ஆனாலும் அக்கா பின்னேரம் குடத்தோடு பொட்டால் வந்தபோது ஓடிப்போய் மறித்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அள்ளாதேங்கோ. கிணத்துக்குள்ள பாம்பொண்டு விழுந்து செத்துப்போச்சு."

"ஐயையோ! என்ன பாம்பு?"

"தெரியேல்லை. பெரிசு. அடியில தாண்டுபோச்சு."

அக்கா நெஞ்சில் கையை வைத்தா. "நல்ல காலம் பிள்ளை, கண்டு சொன்னாய். குஞ்சு இருக்கிற வீடு" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனா. அடுத்த நாள் முழுக்க சந்தியில் உள்ள பொதுக் குழாயில் சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். பொய் சொன்னாலும் காரியம் நடந்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அட மூதேவி என்று இப்போது பேசுகிறேன், அப்போது மெச்சினேன்.

புதன்கிழமை நாங்கள் வவுனியாவுக்குப் போனோம். மச்சாள் வீட்டில் போத்தலை நிரப்பினேன். அதில் ஒட்டுகிற தாளில் எங்கள் பெயர், எங்கள் விலாசம், எங்கள் கிணறு என்று என் அழகான எழுத்தில் எழுதினேன். போகும் வழியில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது என் வயிற்றில் முட்டியது. ஆய்வுகூடத்துப் பிள்ளை அதை வாங்கி வைத்துவிட்டு, "கிணத்துத் தண்ணிதானே அம்மா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். சுவரில் தொங்குகிற அனுமதிப்பத்திரம் பிறகு அந்தப் போத்தலின் றிப்போட்டில்தான் கிடைத்தது.

வீட்டுக்குத் திரும்பி, படலையைத் திறந்தபோது வளவெல்லாம் சேறும் சகதியுமாக இருந்தது. அக்கா முற்றத்தில் நின்று கையை ஆட்டினா. முகம் பூத்துப்போய் இருந்தது.

"வா, வா, வந்து பார்! மருமகன் மிசினைக் கொண்டுவந்து கிணத்தை இறைச்சுப்போட்டார். நீங்கள் இல்லாத நேரம் செய்து முடிச்சு, உங்களை அதிசயப்படுத்துவம் எண்டுதான். எத்தினை வருசம் உன்ர கிணத்தில அள்ளுறன், இதுகூடச் செய்யாட்டில் நான் என்ன சனம்?"

கிணற்றுக்குள் விழுந்து சீவன் செத்தால் இறைத்துச் சேறு வாரிப் புதுத் தண்ணீர் விடுவது ஊர் வழக்கம். இந்த மண்ணில் பிறந்த எனக்கு அது தெரியாமல் இருக்குமா? பொய் சொல்கிற அவசரத்தில் அது மூளையில் ஏறவில்லை.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்கு ஊறிவிட்டது. கண்ணாடி மாதிரித் தெளிந்து, அடி மணல் தெரிந்தது. கிணற்றின் உட்சுவரில், பங்கர் இருக்கிற பக்கத்தில், கற்களுக்கு நடுவில் இருந்து புது ஊற்று ஒன்று குபுகுபு என்று வந்துகொண்டிருந்தது. அது வழிகிற இடத்தில் கல்லில் பச்சைக் கறை. கிணறு வற்றி இறங்கியதும், பங்கரில் மழையோடு ஊறிக் கிடந்ததெல்லாம் கிணற்றுக்குள் வழி கண்டுபிடித்துவிட்டது.

"பார்த்தியே, ஊத்து வாறதை? ஒரு கலங்கலும் இல்லாமல் வருது" என்றா அக்கா. "பாம்பைத்தான் காணேல்லை. மருமகன் சேறெல்லாம் கையால துளாவிப் பார்த்தவர். எங்கையோ பொந்துக்குள்ள பூந்திட்டுது போல."

"அக்கா, பிள்ளைக்குத் தாய்ப்பால்தானே?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கிறாய். பால் கட்டி, தாய்க்கு ஒரு கிழமையாக் காய்ச்சல். மாப்பால்தான் கரைச்சுக் குடுக்கிறம். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. நான் சும்மா குடுக்கிறதில்லை. குமிழ் விட்டுக் கொதிச்சு, அரைவாசியா வத்தினாப் பிறகுதான் கரைக்கிறன்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகும், அது அப்படியே நிற்கும். அரைவாசியாக வற்றினால் அது இரண்டு மடங்கு. இது எனக்குத் தெரியும். உப்புக் கரைசலை வற்றவைத்துக் காட்டுகிற பரிசோதனையை எத்தனை வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆயத்தம் செய்து கொடுத்திருக்கிறேன்!

"கடைத் தண்ணிப் போத்தல் வாங்கிக் குடுங்கோவன் அக்கா" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் இருந்து வந்தது.

"உனக்கென்ன விசரே? வாசலில பொன்போல தண்ணி கிடக்க, பிளாஸ்ரிக் போத்தலை ஏன் வாங்குவான்?" என்று சிரித்துக்கொண்டே அக்கா குடத்தை நிறைத்தா.

வியாழக்கிழமை இவரோடு சண்டை. இப்பவே போய்ச் சொல்லுங்கோ என்று நான், சொன்னால் நீரும் நானும் மறியலுக்குத்தான் என்று அவர். எதற்குச் சிறை என்று எனக்கு இன்றும் தெரியாது, ஆனால் அந்தச் சொல் என்னை அடக்கிவிட்டது. இரண்டு தரம் பொட்டடிக்குப் போனேன். முதல்தரம் அக்கா குழந்தையைக் குளிப்பாட்டித் தடவிக்கொண்டிருந்தா. இரண்டாம் தரம் மகள் நித்திரை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று மனம் ஓடியது.

வெள்ளிக்கிழமை விடிய நல்ல பனி. நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பொட்டால் வந்தா, கையில் துணிச் சுருணை.

"தங்கச்சி, ஒருக்கா இதைப் பார். பிள்ளையின்ர சொண்டு நீலமாக் கிடக்கு. குளிருக்கோ? தவிட்டு ஒத்தணம் பிடிச்சும் மாறேல்லை."

துணியை விலக்கினேன். உதடு மட்டும் இல்லை, நகக்கண் எல்லாம் நீலம். அழவில்லை. அன்றைக்கு என் சின்னிவிரலை அப்படி இறுக்கிப் பிடித்த கை, விரலை வைத்தபோது மூடவே இல்லை. விளக்குமாறு என் கையில் இருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. ஓட்டோவைக் கூப்பிட்டதும், அக்காவையும் மகளையும் தோளைப் பிடித்து உள்ளே தள்ளியதும் நான்தான்.

வைத்தியசாலையில் பிள்ளையின் முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. டொக்டர் இளம்பெண். நெஞ்சில் குழாயை வைத்து வைத்துப் பார்த்தா. இருதயத்தில் ஓட்டை இருக்கோ, பிறந்தபோது ஏதும் சொன்னவையோ என்று மகளைக் கேட்டா. மகளுக்கு அழுகைதான் வந்தது. இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் குழாயில் ஏறிய இரத்தம் சிவப்பாக இல்லை. கோப்பி நிறம். இவருடைய பாத்திரத்தின் அடியில் கிடக்கிற தங்கம் எந்த நிறமோ அந்த நிறம்.

டொக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "என்ன பால் குடுக்கிறியள்? தண்ணி எங்கத்தையான்?"

அக்கா நிமிர்ந்து நின்று பதில் சொன்னா. "நல்ல கிணத்துத் தண்ணி டொக்டர். புதன்கிழமைதான் இறைச்சனாங்கள். கொதிக்க வைச்சு, வத்தவிட்டுத்தான் குடுக்கிறன்."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"நைத்திரேற்று, டொக்டர்" என்றேன். "எங்கட கிணறு. நாங்கள் தங்கம் காய்ச்சின அமிலம் இறங்கியிருக்கு. றிப்போட் வீட்டில கிடக்கு."

டொக்டர் ஒரு விநாடி என்னைப் பார்த்தா. பிறகு யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டா. அம்புலன்ஸ் வந்தது. மாற்று மருந்து பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது என்றார்கள். மெதிலீன் நீலம். பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டியில் பார்க்கிற கன்னத்துத் தோல் கலங்களுக்கு நிறம் ஏற்ற, சின்னப் போத்தலில் நான் அடுக்கி வைத்த அதே பெயர். தாயும் பிள்ளையும் ஏறினார்கள். இன்னொருவருக்கு இடமில்லை. அக்காவும் நானும் வைத்தியசாலை விறாந்தை மரவாங்கில் இருந்தோம்.

மத்தியானம் கழிந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போன மருமகன் தொலைபேசியில் சொன்னார். மருந்து ஏற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் நிறம் திரும்பிவிட்டதாம். பிள்ளை வீரிட்டு அழுகிறதாம். அந்த அழுகை தொலைபேசிக்குள்ளால் எனக்கும் கேட்டது. அக்கா தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. ஏசுவா, அடிப்பா என்று நான் காத்திருந்தேன். அடித்திருந்தால் நல்லாயிருக்கும்.

"அந்த றிப்போட் எப்ப வந்தது?" என்று கேட்டா.

"திங்கக்கிழமை."

அக்கா பெருவிரலை மற்ற விரல்களில் வைத்து எண்ணினா. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். சின்னிவிரலில் வந்து பெருவிரல் நின்றுவிட்டது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தா.

"அப்ப பாம்பு?"

"பாம்பு இல்லை அக்கா" என்றேன்.